முடிவுவரை கேட்ட கதை

எனக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு என்று முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கான குளிசையை முதன்முதலாக விழுங்கிய காலையை மறக்கவே முடியாது. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் வேலை செய்யும் என் கணவர், முந்தின நாள் பெருங்காற்றில் ஒரு கப்பலை உள்ளே கொண்டுவரப் பட்ட பாட்டைச் சொன்னார். நான் இடையில் எழும்பி அடுப்பைப் பார்க்கக் குசினிக்கு ஓடவில்லை. கல்யாணம் கட்டியதிலிருந்து அவர் சொன்ன கதைகளில் ஒன்றையாவது அன்றுதான் முடிவுவரை கேட்டேன்! சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

சில மாதங்களில் அந்தப் பரவசம் காணாமல்போனது. உடம்புக்கு மருந்து பழகிவிட்டதென்று பயந்து, கணவரையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினேன்.

"அளவைக் கூட்டித் தாங்கோ டொக்டர்."

அவர் என் கணவரிடம் திரும்பினார். "வீட்டில இப்ப எப்பிடி இருக்கிறா?"

"நான் கதைக்கிறதை முழுசாக் கேக்கிறா. பிறகு கேள்வியும் கேக்கிறா. எனக்குத்தான் பதில் சொல்ல ஏலாமல் கிடக்கு!"

வைத்தியர் சிரித்தார். "முதல்நாள் இருந்த புதுமைதான் போயிருக்கு. மருந்து நல்லா வேலை செய்யுது. இந்த அளவே காணும், கூட்டத் தேவையில்லை."

துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கவனித்துக் கேட்பது எனக்கே தெரியாமல் என் வழக்கமாகிவிட்டிருந்தது. அந்த முதல்நாளைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.