கானில் வைத்த பெட்ரோல்

பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, பயத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கான் பெட்ரோலைக் குசினிக்குப் பின்னால் வெட்டவெளியில் வைத்திருப்பேன். தோப்பூரில் என் உடன்பிறந்த காக்கா மௌத்தான செய்தி வந்ததும், அதைத்தான் மோட்டார் சைக்கிளில் ஊற்றிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து புறப்பட்டேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

கங்கைப் பாலத்தருகே எஞ்சின் இருமி இருமி நின்றது. காபரேட்டர் ஸ்குரூவைத் திருகத் திருக இன்னும் மோசமானது. பதற்றத்தில், பஸ்ஸில் போகலாம் என்றுகூடத் தோன்றவில்லை. கராஜ்வரை தள்ளிக்கொண்டு போனேன்.

மெக்கானிக் காபரேட்டரில் கிடந்ததை வடித்துக் காட்டினார்.

"பெட்ரோலுக்குள்ள மழத்தண்ணி, தம்பி. ஸ்குரூ என்ன பாவம் செஞ்சது?"

போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

"ஒன்னப் பாத்துப் பாத்து நிண்டம். அதுக்கு மேல ஏலாமப் போச்சு," என்றார் மச்சான்.

இப்போது கானில் பெட்ரோல் வைப்பதில்லை. எஞ்சின் தடுமாறினால், ஸ்குரூவைத் தொடாமல் முதலில் காபரேட்டரை வடித்துப் பார்க்கிறேன். காக்காவுக்குப் போட வேண்டிய மூன்று பிடி மண்ணைத்தான் இனிப் போட ஏலாது.