தண்ணீருக்கு விரல் காட்டிய பிள்ளை

உங்கள் வீட்டுக் கைக்குழந்தையிடம் இன்று என்ன பேசினீர்கள்? "அதுக்கு என்ன புரியும்?" என்று சிரிக்கிறீர்களா? அப்படியானால் காலர்க்காரியின் கதை உங்களுக்குத்தான்.

சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பதால் தொழிற்சாலையில் அவளுக்கு அந்தப் பெயர். அங்கே தையல் வரிசையில் வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் கை நிற்குமாம். கை நின்றால் முதலாளிக்கு நட்டமாம். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் தலையாட்டினால்தான் எழலாம். மாடுகூடத் தாகத்துக்குக் கத்துகிறது.

வீட்டிலும் அதே அமைதி. கணவனுக்கு இரவுக்காவல் வேலை, பகலெல்லாம் தூக்கம். குழந்தையைப் பார்த்துக்கொண்ட நாத்தனார், அண்ணன் தூக்கம் கெடக்கூடாதென்று "உஷ்" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. அவள் என்ன செய்வாள்? இருப்பதே ஒற்றை அறை.

இரண்டு வயது நெருங்கியும் பையன் ஒரு சொல் பேசவில்லை.

"எங்கண்ணனும் லேட்டாத்தான் பேசினாராம் அண்ணி. பரம்பரை" என்றாள் நாத்தனார்.

"உங்கண்ணன் இப்ப மட்டும் எங்க பேசறாரு?"

சிரித்தார்கள். பயம் போகவில்லை.

மருத்துவமனையில் சோதித்தார்கள். காது நன்றாகவே இருந்தது. "வீட்ல இவன்கிட்ட யார் பேசுவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

காலர்க்காரி இழுத்தாள். "அவன் பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு..."

அன்று மாலை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பையன் எதிரே வந்து நின்றான். கட்டைவிரலை வாய்க்கு நேரே காட்டினான். பிறகு அசையாமல், அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தான்.

பழக்கதோஷத்தில் வீட்டிலும் அவள் நாத்தனாரிடம் அப்படித்தான் தண்ணீர் கேட்டுவந்திருக்கிறாள். அவளுக்கே அது தெரியாது. பிள்ளை பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறான். கற்பதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. தொட்டிலில் கிடந்தவனுக்கும் தொழிற்சாலை விதி போட்டிருக்கிறது! அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் மொண்டாள்.

"தண்ணியாடா வேணும் என் ராசாவுக்கு? இந்தா, டம்ளரு. ஜில்லுனு இருக்கா?" கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

கணவன் புரண்டு படுத்தான். "மெதுவா."

"காதுல பஞ்சு வெச்சுக்குங்க. இனிமே இந்த வீட்ல சத்தம் இருக்கும்."

மறுநாள் தையல் வரிசையில் வாய்விட்டே கேட்டாள்: "சார், தண்ணி குடிக்கணும்."

"கை எதுக்கு இருக்கு?"

"காலர் தைக்க சார். கேக்கத்தான் வாய்."

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அவளை நூல் வெட்டும் மேசைக்குத் தள்ளினார்கள். அங்கேயும் வாய்விட்டுத்தான் கேட்கிறாள்.

வீட்டில் நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். சட்டை மாட்டும்போது பொத்தானைப் பற்றிப் பேச்சு, குளிக்கும்போது முழங்காலைப் பற்றிப் பேச்சு. பையன் "ங்" என்றால் அதற்கும் ஒரு பதில். சில மாதம் கழித்து ஒரு காலை, பால் டம்ளரைத் தள்ளிவிட்டுச் சொன்னான்:

"வேணாம்."

முதல் சொல்லே மறுப்பு. கணவன் எழுந்து உட்கார்ந்தான். "உன் புள்ளையேதான்."

இப்போது இதை மூடி வையுங்கள். உங்கள் அருகில் இருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்து எதையாவது பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். உங்களிடம் வேலை செய்யும் யாராவது தண்ணீருக்கு விரல் காட்டுகிறார்களா? முதலில் அந்த விதியைக் கிழித்தெறியுங்கள்.