சங்குக்கு ஓடிய மான்கள்

மைசூரில் தெரிந்தவர்கள் யார் புது வீடு கட்டினாலும், கருங்கல் சமையல் மேடையைத் தடவிக் காட்டி, கொள்ளேகால் பக்கத்துக் கல் என்று பெருமைப்படுகிறார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அந்தப் பக்கத்துக் குவாரி ஒன்றில் என் தாய்மாமா வெடி வைக்கும் வேலையில் இருந்தார். நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறையில், ஓயாமல் பேசும் என்னிடமிருந்து கொஞ்ச நாள் தப்பிக்க, மைசூர் மண்டி மொஹல்லாவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து என்னை அவரிடம் அனுப்பிவைத்தார்கள். குவாரியை ஒட்டியே காடு. வெடிக்கு முன்னால் மாமா, கைப்பிடியைச் சுற்றினால் ஒலிக்கும் அபாயச் சங்கைச் சுற்றுவார். அது அலறியதும் ஆட்கள் ஒதுங்குவார்கள். சரிவில் மேயும் புள்ளிமான்களும் ஓடி எதிர்மேட்டில் ஏறிக்கொள்ளும். பல வெடிகளைப் பார்த்துப் பழகியவை.

எனக்கு வெடி பிடிக்கவில்லை, மான்கள் ஓடுவதுதான் பிடித்தது. வெடி இல்லாத நேரத்திலும் சங்கைச் சுற்றச் சொல்லி நச்சரித்தேன். ஒரே அக்காவின் ஒரே மகள், அவரால் என்ன செய்ய முடியும்? தினமும் காலையில், ஆட்கள் வேலைக்கு வருமுன், எனக்காகச் சுற்றினார். காடே மாமாவின் பேச்சைக் கேட்பதாக நான் பூரித்துப்போனேன். வாரக் கடைசியில் பாதி மான்கள்தான் ஓடின. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மாலை நிஜ வெடி. ஆட்கள் ஒதுங்கியாயிற்று, திரியும் பற்றவைத்தாயிற்று. மாமா என் பக்கத்தில் நின்று சங்கைச் சுற்றிக்கொண்டிருந்தார். கீழே சரிவில் ஒரு தாய்மானும் குட்டியும். தாய் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மறுபடி குனிந்து மேய்ந்தது.

"நோடி மாமா, பாருங்க, அதுக்கு நம்மளக் கண்டா பயமே போயிருச்சு," என்றேன்.

மாமா கைப்பிடி கழன்றுவிடும்படி சுற்றினார். பிறகு சங்கை விட்டுவிட்டு என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். வெடித்தது. புழுதி அடங்கிய பிறகும் என்னைத் திரும்பிப் பார்க்க விடவில்லை.

"தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு," என்றார்.

வெடியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் என்னைக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

காட்டு மான் ஒன்று என்னைக் கண்டு பயப்படவில்லை என்று அந்த வருஷம் முழுக்கப் பள்ளியில் பீற்றிக்கொண்டேன். யாரும் நம்பவில்லை. மாமா தீபாவளிக்கு வந்தபோது என் தோழிகளை வரிசையாக நிறுத்தி, அவரையே சாட்சி சொல்லச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, ஓடல," என்றார்.

நான் கைதட்டினேன்.