சம்பந்தி மரியாதைக்கு ஒரு படகு

திருவிடைமருதூர் ஆனந்தவல்லி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். எதிர்வீட்டில் ஒரு ஏசி மாட்டினால் இவள் வீட்டில் இரண்டு மாட்டப்படும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரண்டும் ஓடாது, அது வேறு விஷயம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகன் துபாயிலிருந்து அனுப்புவதில் சௌகரியமாக இருந்தாள். மகளின் மாமியார் ஈஸ்வரி நீடாமங்கலத்துக்காரி. அவள் ஆலப்புழை போய்ப் படகு வீட்டில் தங்கி வந்த பிறகுதான் இவளுக்குத் தூக்கம் கெட்டது. போனை எடுத்தால் அந்தப் பேச்சுதான்.

"நம்ம காவேரியில படகு மிதக்காதா?" என்று கணவர் துரைக்கண்ணுவைக் கேட்டாள். அவர் பூம்புகார்ப் பக்கம் அலைந்து, எஞ்சின் வைத்த பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி வந்தார்.

ஆவணியில் ஒரு காலை. விருந்துக்கு வந்த ஈஸ்வரியை ஏற்றிக்கொண்டு மாயவரம் வரை போவதாகப் புறப்பட்டார்கள். துரைக்கண்ணுவே ஓட்டினார். பாலத்தில் நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். ஆனந்தவல்லி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கையசைத்தாள்.

ஓர் ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்தில் ஈஸ்வரி மூக்கைப் பொத்தினாள்.

"கரையில உரம் போட்டிருக்காங்க போல, சம்பந்தி" என்றாள் ஆனந்தவல்லி.

அடுத்து ஆகாயத்தாமரை எஞ்சினில் சுற்றிக்கொண்டது. துரைக்கண்ணு குனிந்து அறுத்துக்கொண்டிருக்க, "பூ என்ன ஊதா பாருங்க" என்று காட்டினாள்.

குத்தாலம் தாண்டியதும் படகு தரைதட்டி நின்றது. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இந்த முறை முடிந்து மேலே மதகை அடைத்திருந்தார்கள். வயல் பக்கம் போய் வருஷக்கணக்கான இவர்களுக்கு அது தெரியவில்லை.

"நின்னுடுச்சாங்க?"

"சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்கு."

புளியோதரை முடிவதற்குள் சுற்றிலும் மணல் தெரிந்தது. ஆடுகள் வந்து படகை முகர்ந்தன. துரைக்கண்ணு இறங்கித் தள்ளிப் பார்த்தார், கணுக்கால்கூட நனையவில்லை.

"இறங்குங்க, பஸ்ல போயிடலாம்" என்றார்.

ஆனந்தவல்லி அசையவில்லை. இறங்கினால் படகு ஓடவில்லை என்று ஆகிவிடும். விருந்தாளி முதலில் இறங்கினால் மரியாதையில்லை என்று ஈஸ்வரியும் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். துரைக்கண்ணு வண்டி தேடிப் போனார். வெயில் ஏறி இறங்கும்வரை இருவரும் மணலின் மேல் உல்லாசப் பயணம் செய்தார்கள்.

சாயங்காலம் ஆனந்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை இப்படிக் கொண்டாந்து உட்கார வச்சுட்டேனே."

"ஒண்ணு சொல்லட்டுங்களா," என்றாள் ஈஸ்வரி. "ஆலப்புழையில ஏறினதுலேர்ந்து எனக்கு வாந்தி. எதையும் பார்க்கலை. இன்னிக்குத்தான் படகுல உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்."

சிரிக்க ஆரம்பித்த ஆனந்தவல்லியால் நிறுத்த முடியவில்லை.

துரைக்கண்ணு டிராக்டரோடு வந்தார். நாலு பேர் சேர்ந்து படகை டிரெய்லரில் ஏற்றினார்கள். உட்கார வேறு இடம் இல்லாததால் சம்பந்திகள் இருவரும் படகிலேயே ஊர் திரும்பினார்கள். வழியில் டீ குடிக்க நிறுத்திய கடைத்தெருவில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார்.

"கூட்டணி இன்னும் முடிவாகலைங்க" என்றாள் ஈஸ்வரி, டீயைக் குனிந்து வாங்கியபடி.