குட்டி டிராக்டர் எந்த மாடல்

எங்கள் குட்டி டிராக்டரின் முன்னால் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. கம்பெனிக்காரன் அதில் அடித்திருந்த எழுத்துகளைத் தேய்த்து அழித்தவள் நான். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் துலக்கிவிட்டு, மீந்ததை எடுத்துப்போய்க் கொட்டகையில் அந்தத் தகட்டையும் தேய்ப்பேன். மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பேன். வண்டிக்கு அதுதான் நெற்றி என்று நினைத்திருந்தேன். நாலு வருஷத்தில் தகட்டில் என் முகம் தெரிந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

சென்னையில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது என் வீட்டுக்காரர் வாங்கி வந்த வண்டி அது. கன்றுக்குட்டி உயரம்; பின்னால் நடந்துகொண்டே ஓட்ட வேண்டும். உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே எங்கள் கத்தரித் தோட்டத்தில், மாடு நுழைய முடியாத வரிசைகளுக்குள் அது நுழைந்து உழும். அறுபதுகளின் தொடக்கத்தில் அதன் கியர்ப்பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் உடைந்தது. எஞ்சினை மூடும் பானெட்டில் பெயிண்டால் எழுதியிருந்த மாடலைச் சொல்லிக் காஞ்சிபுரத்துக் கடையில் ஒன்று வாங்கி வந்தார். சேரவில்லை. மாற்றி வாங்கியதும் சேரவில்லை.

"தகட்ல நம்பர் இருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். நீதான் பூஜை பண்ணியே அழிச்சிட்டியே," என்றார். "ஞாயித்துக்கெழமை காயலாங்கடைக்காரன் வரான். தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை என்றிருப்பவள் நான். ஆனால் என்னால் அந்த வண்டி இரும்பு விலைக்குப் போகும் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பானெட்டைப் பார்த்தேன். அதன் பழைய துளைகள் உடம்போடு பொருந்தவில்லை. பக்கத்தில் வேறு துளை போட்டு முடுக்கியிருந்தார்கள். பானெட் வேறு வண்டியுடையது. அதில் எழுதியதை நம்பித்தான் அலைந்திருக்கிறோம்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அடித்துச் சேர்ந்திருந்த பச்சைப் பெயிண்டைக் கியர்ப்பெட்டியின் அடியில் கத்தியால் சுரண்டினேன். இரும்போடு சேர்த்து வார்த்த எழுத்துகளும் எண்களும் புடைத்துக்கொண்டு வந்தன. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் தெரியாது. காலண்டர் தாளை அதன்மேல் வைத்துக் கரித்துண்டால் தேய்த்தேன். உருவம் அப்படியே பதிந்தது. கடைசி எண் மூன்றா எட்டா என்ற சந்தேகத்தில் நாலு தாள் எடுத்தேன். உடைந்த சக்கரத்தின் பற்களை, விழுந்துபோன இடத்தையும் சேர்த்து எண்ணினேன். பத்தொன்பது.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். வியர்வை பட்டுக் கரி கலைந்துவிடுமோ என்று காஞ்சிபுரம் வரை தவிப்பு.

கடைக்காரர் தாளைத் தொடவில்லை. "பானெட்ல எழுதிகீதே, அத்த வுட இன்னாம்மா அத்தாட்சி வோணும்?"

"பானெட்டு வேற வண்டிதுங்க. தொளையே சேரல. சாமான் படம் போட்ட புக்கத் தொறந்து பாருங்க."

"புக்கு இங்கிலீஷ்ல கீது. நீ படிப்பியா?"

"நீங்க படிங்க. நான் படத்தப் பாக்கறேன்."

"தகட்டத் தேச்சி அழிச்சது நீதானாமே? உங்க வூட்டுக்காரர் சொன்னாரு."

கடையிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆமாங்க, நான்தான். அதனாலதான் நானே வந்துகீறேன்."

கல்லாவுக்கு எதிரே நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. சிரித்தவர்கள் சாமான் வாங்கிக்கொண்டு போன பிறகும் நின்றேன். கடைசியில் சலித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்தார். பானெட்டில் எழுதியிருந்ததற்கு முந்தைய மாடலின் பக்கத்தில் எங்கள் கியர்ப்பெட்டியின் படம் இருந்தது. அடியில் என் தாளிலிருந்த எண். கடைசி எண் எட்டுதான்.

"அந்தச் சக்கரத்துக்கு எத்தினி பல்லுன்னு போட்டுகீது?" என்று கேட்டேன்.

விரல் வைத்துப் படித்தார். "பத்தொம்போது," என்றார். "மெட்ராஸ்லேர்ந்து வரணும். பத்து நாள் கழிச்சி உங்க வூட்டுக்காரர அனுப்பு."

"நானே வரேன். மாடல் பேர இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க."

மறுநாள் காயலாங்கடைக்காரன் கைவண்டியோடு வந்தான். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கொட்டகை வாசலை மறித்து நின்றேன்.

"இது இன்னா மாடல்னு தெரிஞ்சிபோச்சி. நீ போய்ட்டு வா," என்றேன்.

"ஓடாத வண்டிக்கு மாடல் இன்னாத்துக்கும்மா?"

"ஓடும்," என்றேன்.