அக்காவின் தாய்மொழி

சூளகிரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் லைன் லீடர் அக்காவுக்கு நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. பெற்றோர் யாரென்று தெரியாது. முதலில் அநாதைக் குழந்தைகள் ஹோம், பிறகு தளியில் கன்னடம் பேசும் ஒரு வளர்ப்பு வீடு, பாகலூரில் தெலுங்கு பேசும் இன்னொன்று. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் லைனையே அதட்டி வேலை வாங்குவார்.

"உங்க தாய்மொழி என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதத்தான் கண்ணு நானும் தேடிட்டிருந்தேன். அடிபட்டா தன்னால வாயில வர்றதுதான் தாய்மொழின்னு கூடப் படிச்சவ ஒருத்தி சொன்னா. வேணும்னே வாசப்படியில கால இடிச்சுப் பாத்தேன்."

"என்ன வந்துச்சு?"

"அம்மான்னுதான் வந்துச்சு. மூணு பாஷையிலயும் அதேதான!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நானும்தான் சிரித்தேன். ஆனால் எத்தனை வீட்டு வாசற்படிகளில் இடித்துப் பார்த்திருப்பார் என்ற கேள்வி அந்த ஷிஃப்ட் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.