மூன்று லோடு மண்

என் அக்கா பொன்னியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் பிடிவாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கடலூர் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். எந்தப் பிள்ளையாவது முட்டை வேண்டாமென்று தட்டை நகர்த்தினால் போச்சு, பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்துத்தான் எழுந்திருப்பாள். மாமா செத்து ஆறு வருஷமாகிறது. ஒற்றை ஆளாக மகள் சுவேதாவைப் பி.காம். படிக்கவைத்து, சிதம்பரத்தில் அருண்பாண்டியனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. சுவேதாவின் தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்தில் எல்லாரும் ஆஸ்பத்திரியில்தானே பெறுகிறார்கள், எந்த வீட்டிலிருந்து போனால் என்ன என்று கேட்பீர்கள். அவளிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும். சுவேதா வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது எங்கள் அம்மா இறந்துபோனாள். அக்காவை அழைத்துக்கொண்டு வர நாதியில்லை. மாமியார் வீட்டிலேயே பெற்று, பத்தியக் கஞ்சியோடு நாலு சொல்லும் சேர்த்து வாங்கிக் குடித்தவள் அவள். தன் மகளுக்கு அது வரக்கூடாது. இதில் எனக்கும் அவள்மேல் வருத்தம் ஒன்றுமில்லை.

ஆனால் அக்கா வீட்டுச் சுவர் அவளை விடவில்லை. எண்பது வருஷத்துக்கு முன் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு. உள்ளறையின் மேற்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி நிற்கும். கீழே காரை பொருபொருவென்று உதிரும், மேலே பழுப்பாக ஒரு கோடு, கோட்டை ஒட்டி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். சுவேதா அந்த அறையில் நாலு நாள் படுத்தால் வீசிங் வந்துவிடும். மூச்சோடு ஒரு விசில் சத்தம் வரும், அடுத்த அறையிலிருந்தே கேட்கலாம். கல்யாணமான புதிதில் ஒருமுறை மருமகப்பிள்ளையே அதைக் கேட்டுவிட்டார். விஷயம் அவர் அம்மா ரத்தினம்மாள் காதுக்குப் போயிற்று. அந்த அம்மா பொல்லாதது ஒன்றுமில்லை, ஆனால் கறாரான ஆள்.

"புள்ளத்தாச்சிய அந்த ஈரத்துல போடமாட்டேன் அண்ணி. செவுத்த சரி பண்ணிட்டு சொல்லுங்க, தாராளமா அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அக்காவுக்குச் சுவரே கதி. பெயிண்டுக் கடைக்காரர் ஈரம் தாங்கும் பெயிண்ட் என்று ஒன்றைக் கொடுத்தார். அடித்த இரண்டாம் மாதம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டால் உரிந்து வந்தது. அடுத்து ஒரு கொத்தனார் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்ட் பூசினார். நான்கு மாதம் நன்றாக இருந்தது. மழைக்காலம் வந்தது, பழுப்புக் கோடு சிமெண்டையும் தாண்டி ஒரு சாண் மேலே போய் உட்கார்ந்தது. சுவேதா உண்டான செய்தி வந்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சிலம்பரசன் என்கிற டைல்ஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டு நாலரை அடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டாள்.

வளையல் போடுவதற்கு முன்னால் ரத்தினம்மாள் நேரில் வந்து பார்த்தார். டைல்ஸைக் கையால் தடவினார். "சுத்தமா போயிடுச்சா அண்ணி" என்று கேட்டார்.

"போயிடுச்சி அண்ணி. பொட்டு ஈரம் கெடையாது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பெயர் எழிலன், டிப்பர் லாரி ஓட்டுகிறவன், வாய்த்துடுக்குக்காரன் என்று ஊரில் பெயர். அன்றைக்குப் பார்த்து என் வாய் திறக்கவில்லை.

ஏழாம் மாதம் சுவேதா வந்து சேர்ந்தாள். மூன்றே வாரம். டைல்ஸுக்கு மேலே, சரியாகச் சுவிட்சு போர்டுக்கு நேராக, பழுப்புக் கோடு எட்டிப் பார்த்தது. அக்கா அதன்மேல் தினசரிக் காலண்டரை மாட்டினாள். காலண்டர் அட்டை ஊறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பீரோவை நகர்த்தி வைத்தாள். தினமும் விடியும் முன், மகள் கண் விழிப்பதற்குள், உதிர்ந்து கிடக்கும் உப்புத்தூளை முறத்தில் கூட்டி முந்தானையில் மறைத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாள். ஒருநாள் நானே பார்த்துவிட்டேன். திட்டலாமென்று வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனேன்.

"ரெண்டு மாசம்டா எழிலா. ரெண்டே மாசம் இந்தச் செவுரு நின்னு கொடுத்தா போதும்" என்றாள்.

சுவர் நின்று கொடுக்கவில்லை. எட்டாம் மாதம் முடிகிற சமயம், ஒரு காலையில் சுவேதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச வரவில்லை. விசில் சத்தம் வாசல்வரை கேட்டது. உதடு கருத்திருந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப்புகை பிடித்தார்கள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு மூச்சு கொறஞ்சா பிள்ளைக்கும் கொறையும். வீட்ல ஈரம், பூசணம் எதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லிங்க டாக்டர்" என்றாள் அக்கா.

அவளைத் தனியே இழுத்துக்கொண்டுபோய், "மனுஷியா நீ? செவுத்துக்குப் பயந்துகினு புள்ளய சாவடிக்கப் போறியா?" என்று கத்திவிட்டேன். அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெற்ற தாயிடம் சொல்கிற வார்த்தையா அது? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நாக்கு கூசுகிறது.

மூன்றாம் நாள் பரங்கிப்பேட்டைக்குப் போய் அந்தோணிசாமி கொத்தனாரைக் கூட்டிவந்தேன். பழைய வீடுகளையே பார்த்துப் பழகியவர், அதிகம் பேசமாட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு சுவேதா வீட்டுக்கு வந்து, முன்னறையில் படுத்திருந்தாள். கொத்தனார் உள்ளறைச் சுவரின் மேல்பகுதியைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. "மேலேருந்து எறங்கல. ஒழுவுற கூரை இல்ல" என்றார். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கில் என்றோம், அதையும் தள்ளிவிட்டார். உளிக் கட்டையால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் உள்ளே ஒட்டாத வெற்றுச் சத்தம். ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். பின்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"கீழேருந்து ஏறுது. செங்கல்லு தண்ணிய உறிஞ்சும்மா, அது கொணம். உறிஞ்சுனத பூச்சு வழியா வெளிய விட்டுகினு இருந்துச்சி. நீங்க சிமெண்ட போட்டு, டைல்ஸ போட்டு வாய அடச்சிட்டீங்க. போக வழியில்லாம மேல ஏறுது."

அப்புறம் வெளியே வந்து கடப்பாரையால் சுவரோரம் தோண்டினார். இரண்டடி ஆழத்தில் டங்கென்று இடித்தது. சுவர் முழுக்க ஓடும் கருங்கல் பலகை வரிசை. "இது தண்ணிய தடுக்க அந்தக் காலத்து ஆளு வச்ச கல்லு. தரைக்கு மேல இருக்க வேண்டியது. இத பொதைச்சதால மண்ணு செங்கல்லயே தொடுது. யாரு பொதைச்சது?"

அக்கா மெல்லச் சொன்னாள். பதினஞ்சாம் வருஷ வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பத்தாவது படிக்கும் மகளோடு இரண்டு நாள் மொட்டைமாடியில் கிடந்தார்கள். இனிமேல் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று பயந்து, வீட்டுக்குள்ளும் வெளியிலும் மண்ணடித்துத் தரையை உயர்த்தினார்கள். சுவேதாவுக்கு வீசிங் வந்தது அடுத்த வருஷம்தான். கணக்குப் போட்டுப் பார்க்க அன்றுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கொத்தனார் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். "உப்புக் கரிக்குது. உப்புமண்ணு காத்துலேருந்தே ஈரத்த இழுக்கும், காயவே வுடாது. எங்கேருந்து வந்துச்சி இந்த மண்ணு?"

நான் குனிந்து கடப்பாரையை எடுத்துச் சுவரில் சாத்தினேன். கடல்தண்ணீர் ஏறுகிற உப்பனாற்றோரம் தூர்வாரிக் கொட்டிக் கிடந்த மண் அது. மூன்று லோடு. சும்மா கிடைத்தது அக்கா, பொடி மாதிரி நைசாக இருக்கு என்று பெருமையடித்துக்கொண்டு, என் லாரியில் ஏற்றிவந்து நான்தான் கொட்டினேன்.

"என்னா பண்ணணும் சொல்லுங்க. பண்ணிடலாம்" என்றாள் அக்கா.

"உள்ள வெளிய ரெண்டு பக்கமும் மண்ண எடுத்து, கல்லு தெரியுற அளவுக்கு எறக்கணும். செவுரோரம் ஜல்லி போடணும். டைல்ஸு, சிமெண்டு எல்லாத்தையும் பேத்துட்டு வெறுங்கல்லா காயப் போடணும். உப்ப பிரஷ்ஷால தட்டி எடுக்கணும், தண்ணி ஊத்திக் கழுவக்கூடாது. காஞ்ச பொறவு சுண்ணாம்புதான் பூசணும்."

"எத்தினி நாளுல காயும்? இன்னும் அஞ்சு வாரம் இருக்குது."

"ஒரு அங்குலத்துக்கு ஒரு மாசம்னு வச்சிக்குங்க. இது ஒன்றரைக்கல்லு செவுரு, பதினாலு அங்குலம் வரும். வருஷம் ஆவும்."

"ஃபேன் போட்டா? ஹீட்டர் வச்சா?"

"பொய் சொல்லணும்னா சொல்றேம்மா" என்றார் அவர்.

அக்கா உள்ளே போய் அந்தப் பெயர்த்த டைல்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து என் கண் முன்னாலேயே சிதம்பரத்துக்குப் போட்டாள். "அண்ணி, வந்து சுவேதாவ கூட்டிக்கினு போங்க. செவுரு சரியாவல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

தலைப்பிரசவத்துக்கு வந்த மகளைத் தாயே திருப்பி அனுப்பினாள் என்று இந்தத் தெருவில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அன்று மத்தியானமே கார் வந்தது. ரத்தினம்மாள் நேராக உள்ளறைக்குப் போய் நின்றார்.

"தெரிஞ்சேவா அண்ணி?"

"தெரிஞ்சேதான்."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சுவேதாவின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். சுவேதா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் முன் ரூம்லயே இருந்துக்கிறேம்மா, நீ ஏன் என்ன அனுப்புற?" என்று அழுதாள். அழுததில் மறுபடியும் இளைப்பு வந்தது. "ஏறுடி" என்று ஒரே வார்த்தை சொல்லி, விரல்களைப் பிரித்து, மகளைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் அக்கா. கார் திரும்புகிறவரை நின்றாள். எதிர்வீட்டு தைலம்மாள் என்னவென்று கேட்க வந்தாள், இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் லாரியை நிறுத்திவிட்டு மறுநாளிலிருந்து மண்ணை வெட்டினேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூடையில் அள்ளுவாள். மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, இந்த மண்ணு நான் கொண்டாந்தது."

"தெரியும்டா. கொண்டாந்தது நீ. வாங்கிக்கினது நானு. தெனம் உலையில உப்பு பாக்குற நாக்குதான இது, அன்னிக்கி ஒரு துளி வச்சிப் பாக்கல பாரு" என்றாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல்தான் அழுதேன்.

ஆறாம் நாள் சாயந்திரம் போன் அடித்தது. சுவேதா. அதுவரை கோபத்தில் அவள் பேசவில்லை. அக்கா மண்குவியலின் மேலேயே உட்கார்ந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, சாப்டியா" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

"எதுவும் பேசாதடி. போன வாயோரம் வையி. சும்மா மூச்சு மட்டும் விடு."

அந்தப் பக்கம் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் பேசாமல்தான் இருந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகிறவரை பொறுத்திருந்து மறுபடியும் கேட்டாள்.

"விசில் இல்லடா எழிலா" என்றாள் என்னைப் பார்த்து. முகமெல்லாம் மண், அதில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. "அங்கியே இருடி" என்று போனில் சொல்லி வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டாள்.